கடைசி ஆள் வாசல் தாண்டும்வரை

பிள்ளைகளே, எனக்குக் களைப்பாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் வரும் முனகல்களுக்கு நீங்கள் கோபிக்க மாட்டீர்கள்.

போன மாதம் ரோவில் புறநகரில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். மெல்பேர்னிலும் சிட்னியிலும் பல்கலைக்கழகப் பாட்டுக் குழுக்களுக்குப் பியானோ வாசிக்கத் தொடங்கியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள். என் குசினியில் பொரித்து வைத்திருந்த ரோல்ஸ் முழுவதையும் முடித்துவிட்டு, “அன்ரி, உங்கட அனுபவத்தை எங்களுக்கு எழுதித் தாங்கோ” என்று கேட்டீர்கள். சிட்னி செவன் ஹில்ஸிலிருந்து வந்த ஒருத்தி மட்டும், “ஷோர்ட்டா அன்ரி, வொய்ஸ் மெசேஜா அனுப்பினாலும் ஓகே” என்றாள். பேசத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எந்த விரலை எங்கே வைப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், என் விரல்களுக்கு இப்போது சாடி மூடி திறக்கவே மூச்சு வாங்குகிறது. எப்போது நிறுத்துவது, எப்போது நிறுத்தாமல் இருப்பது என்பதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. நம்முடைய வேலையில் மிச்சமெல்லாம் பழக்கம்தான்.

நான் வாசித்தது மெல்பேர்ன் பல்கலைக்கழகம் ஒன்றின் ஷோ கொயருக்கு. சும்மா நின்று பாடுகிற குழு அல்ல அது. மேடையில் படிக்கட்டுப்போல வைத்த பலகைத் தட்டுகளில் ஏறி நின்று, கை வீசி, காலடி வைத்து, தோள் குலுக்கி, அதே மூச்சில் நாலு குரலாகப் பிரிந்து பாடவும் வேண்டும். போதாக்குறைக்கு மினுங்கும் நீலக் கோட்டு. யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம், முதுகை வளைத்தால் அடி என்ற கணக்கில் பியானோ பழகிய எனக்கு முதல் நாள் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதென்ன கூத்து என்று நினைத்தேன். ஒரு செமஸ்டருக்கு மட்டும் என்று போய் உட்கார்ந்தவள், தலை முழுக்க நரைத்த பிறகுதான் எழுந்தேன்.

அந்தக் குழுவின் வரலாற்றை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எப்படி எழுதுவது? பாடுகிறவர்கள் மூன்று வருடம் இருப்பார்கள், மிஞ்சினால் ஐந்து. பிறகு போய்விடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முன்னால் நடந்த எதுவும் தெரியாது. படிப்பு வருடம் தொடங்கும் ஒவ்வொரு மார்ச்சிலும் அதே வயதில் ஒரு கூட்டம் வந்து, “ஹாய், ஐ ஆம் நியூ” என்று கை நீட்டும். நான் மட்டும் ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு வயது கூடி அதே கதிரையில் இருப்பேன். ஒரே விளக்கத்தை, ஒரே பகிடியை, ஒரே எச்சரிக்கையைத் திரும்பச் சொல்ல வேண்டும். சில வருடங்களில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. சரி, பல வருடங்களில்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் பயிற்சி அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் சேர்ந்த புதிதில், பிள்ளைகள் மாதக்கணக்காக அந்தக் கண்ணாடியைப் பார்த்தே ஆடிப் பழகினார்கள். அழகாகத்தான் இருந்தது. பிறகு ஒரு போட்டிக்குச் சிட்னி போனோம். அந்த அரங்கில் எதிரே கண்ணாடி இல்லை, இருட்டுத்தான் இருந்தது. தன் இடம் எது, பக்கத்தில் நிற்பவன் எவ்வளவு தூரம் என்று ஒருவருக்கும் காலில் தெரியவில்லை. எல்லாரும் கண்ணாடியில்தான் பார்த்து வைத்திருந்தார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் முழுக் குழுவும் நகர்ந்து நகர்ந்து மேடையின் வலது மூலையில் ரயிலுக்கு நிற்பதுபோலக் குவிந்துவிட்டது. சிட்னிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு நிகழ்ச்சிக்கு முந்திய வாரங்களில் கண்ணாடியைத் திரைபோட்டு மூடிவிடுவோம். ஒவ்வொரு வருடமும் ஒரு புதுப் பிள்ளை வந்து, “ஏன் மூடுறீங்கள்?” என்று கேட்கும். ஒவ்வொரு வருடமும் சிட்னிக் கதையைச் சொல்வேன். கடைசி வருடங்களில், “மூடத்தான் வேணும், மூடு” என்று மட்டும் சொன்னேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒக்டோபரில் நடக்கும் வருட நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டில், படிப்பை முடித்துப் போகிறவர்கள் ஒவ்வொருவராகப் படித்தட்டிலிருந்து இறங்கி, பாடிக்கொண்டே பார்வையாளர்களின் நடுவால் நடந்து, பின்வாசலால் வெளியே போவார்கள். மிச்சப் பேர் மேடையில் நின்று தொடர்ந்து பாடுவார்கள். குரல் ஒன்றொன்றாகக் குறையும். கடைசி ஆள் வாசலைத் தாண்டிய பிறகுதான் பாட்டு முடியும். பிள்ளைகள் இதை ‘வாக் டவுன்’ என்பார்கள். நான் இறங்கு பாட்டு என்று மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன்.

யாரோ பெரிய கலைஞர் யோசித்து உண்டாக்கிய வழக்கம் என்று நினைக்காதீர்கள். ஆரம்ப வருடங்களில் தாதிப் படிப்பின் கடைசி வருடத்தில் ஒரு பெட்டை பாடிக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம் அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட். நிகழ்ச்சி இழுபட்டுப் போனது. கடைசிப் பாட்டின் நடுவில் அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள், இறங்கினாள். வாயை மூடிக்கொண்டு போனால் மரியாதை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, பாடிக்கொண்டே சனத்தின் நடுவால் ஓட்டமும் நடையுமாகப் போய் வாசலால் மறைந்தாள். சனம் அதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த வருடம் போகிறவர்கள் எல்லாருக்கும் அப்படிப் போக ஆசை வந்துவிட்டது. அவ்வளவுதான் வரலாறு.

இதில் எங்கள் வேலை என்னவென்று கவனியுங்கள். பாட்டின் முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. ஆட்கள் நடந்து முடியும்வரை அதைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். எத்தனை தரம் என்று தாளில் எழுதியிருக்காது. முன்னால் நிற்கும் டிரெக்டர் விரலைச் சுழற்றிக் காட்டினால் இன்னொரு சுற்று, கையைப் பொத்திக் காட்டினால் முடிவு.

எனக்கு முதல் வாய்த்த டிரெக்டர் ஒரு முரட்டு மனிதர். நல்ல வார்த்தை ஒன்று வாங்குவதென்றால் தவம் இருக்க வேண்டும். ஒரு வருடம் ஒரு பிள்ளையின் சப்பாத்துக் குதி நடைபாதையில் கழன்றுவிட்டது. அவள் குனிந்து அதை எடுப்பதற்குள், நான் கைப்பழக்கத்தில் பாட்டின் முடிவுக்குப் போகப் பார்த்தேன். அவர் பியானோவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சுற்றுக்கே திரும்பி இன்னொரு தரம் போனேன். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார், “கையைப் பார்க்காதே. என்னையும் பார்க்காதே. வாசலைப் பார். நான் அவசரப்படுவேன், எனக்குப் பின்னால் கண் இல்லை.” அவர் எனக்குச் சொல்லித் தந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் திட்டுத்தான்.

முகிலனின் கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வந்தது இதைச் சொல்லத்தான்.

முகிலன் தென்காசிப் பக்கத்திலிருந்து என்ஜினியரிங் படிக்க வந்தவன். நல்ல உயரம், அதனால் எப்போதும் மேல் தட்டின் ஓரத்தில் நிற்பான். ஆடத் தெரியாது. முதல் வருடம் அவன் கையும் காலும் வேறு வேறு ஊருக்குப் போகும். குரல் மட்டும் அடியிலிருந்து நிதானமாக வரும், மற்றவர்கள் அதில் சாய்ந்துகொள்ளலாம். நான் தமிழ் என்று தெரிந்த நாளிலிருந்து பயிற்சி முடிந்தால் பியானோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். நான் ‘நீர்’ என்று பேசுவது அவனுக்குப் பெரிய வேடிக்கை.

“ராஜா காலத்து நாடகம் மாதிரி இருக்கு ஆன்ட்டி, நீங்க பேசுறது.”

“அப்ப ராசா, கையிலை இருக்கிற கோட்டை ஆணியிலை கொழுவும். நிலத்திலை இழுபடுது.”

நாலாவது வருட நிகழ்ச்சிக்கு அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்தார்கள். அவர்களுக்கு விமானப் பயணம் அதுதான் முதல். மகன் வருடக்கணக்காகத் தொலைபேசியில் இந்த இறங்கு பாட்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, அது அவர்களுக்கு மனப்பாடம். முடித்தவன் இறங்குவான், முடிக்காதவன் மேலே நிற்பான். அது தெரிந்துதான் வந்தார்கள்.

நிகழ்ச்சி நாளன்று மத்தியானம் ஒலிவாங்கிச் சோதனை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபோது, முகிலன் மட்டும் போகவில்லை. பியானோவின் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“என்ன தம்பி, சாப்பிட்டனீரே?”

“இல்ல ஆன்ட்டி. ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“சொல்லும்.”

“ஒரு பேப்பர் ஃபெயில் ஆயிட்டேன். ஜூலையிலேயே தெரியும். அந்த சப்ஜெக்ட் அடுத்த வருஷம் ஃபர்ஸ்ட் செமஸ்டர்லதான் மறுபடி வரும். அப்பா அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு டிசம்பர்ல கிராஜுவேஷன்னு நெனச்சுட்டு இருக்காங்க.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அத்தனை தூரம் அவர்களை ஏன் வரவழைத்தாய் என்று கேட்க வாய்வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கினேன். ஜூலையிலிருந்து அதைத் தனியாகச் சுமந்துகொண்டு, வாரா வாரம் வந்து தோள் குலுக்கி ஆடியிருக்கிறான்.

“இப்ப என்ன செய்யப் போறீர்?”

“இறங்கிருவேன் ஆன்ட்டி. எல்லார் கூடயும் நடந்து போயிருவேன். லிஸ்ட்ல பேரு இருக்கு, டிரெக்டருக்கும் தெரியாது. அவங்க ஊருக்குத் திரும்பினதுக்கு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். நீங்க எப்பவும் போல வாசிங்க, அது போதும்.”

நீங்கள் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் புத்தி சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு வருடா வருடம் புத்தி சொல்லி என் தொண்டை காய்ந்து போயிருந்தது. அதுவும் உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்டு. மேடை ஏறப் போகிற ஒருவனுக்கு அந்த நேரத்தில் புத்தி சொன்னால், அது அவன் குரலில்தான் போய் விழும். “அது உம்மட அலுவல். நான் வாசிப்பன். முதல் போய்ச் சாப்பிடும்” என்றேன். ஓம் என்று என்னைப் போலவே சொல்லிக் காட்டிவிட்டுப் போனான். சிரிக்க முயன்றான், வரவில்லை.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் வரவேற்பறையில் அவனுடைய அம்மாவைக் கண்டேன். பட்டுச்சேலைக்கு மேலே மகனுடைய குளிர்க்கோட்டைப் போட்டிருந்தார். என் கையைப் பிடித்து ஒரு பொட்டலத்தைத் திணித்தார்.

“அதிரசம்மா. ஏர்போட்ல வாங்கி மோந்து மோந்து பாத்துட்டு, பெறகு குடுத்துட்டாவ. நீங்கதான் பியானோ அம்மாவா? நல்லா பாடுதானா இவன்?”

“நல்லாப் பாடுவார்.”

“எத்தனாவது ஆளா எறங்குவான்?”

“கடைசி. உயரமான ஆக்கள் கடைசியாத்தான் இறங்குறவை.”

“அப்பம் எல்லாரும் அவனத்தான் பாப்பாவ” என்று சொல்லிச் சந்தோஷமாகக் கணவரைப் பார்த்தார். அவர் மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் அப்படியே இருந்தது. எனக்கு அந்தப் பொட்டலத்தை வைத்திருக்கக் கை கூசியது. பியானோவுக்குக் கீழே வைத்தேன்.

கடைசிப் பாட்டு வந்தது. நடைபாதை ஓரமாக, முன்வரிசையில் அவர்கள் இருவரும். அம்மா தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். முதலில் உச்சக்குரல் பாடும் சோப்ரானோப் பிள்ளைகள் இறங்கினார்கள். அழுகிறவள் அழுதாள், கையசைக்கிறவள் கையசைத்தாள், எல்லா வருடமும் போல. பிறகு மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக. சுற்றுக்கு ஒருவர் வாசலைத் தாண்டினார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகிலனுக்கு முன்னால் இறங்க வேண்டியவன் இறங்கி, நடந்து, போய்விட்டான்.

முகிலன் இறங்கவில்லை.

ஒரு சுற்று முடிந்தது. அவன் மேல் தட்டில் நின்று பாடிக்கொண்டிருந்தான். கை வீச வேண்டிய இடத்தில் கை வீசினான், காலடி வைக்க வேண்டிய இடத்தில் வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாம் சரியாக வைத்தான் என்று நினைக்கிறேன். கண் மட்டும் முன்வரிசையில் இருந்தது. இன்னொரு சுற்று. பக்கத்தில் நின்ற இளைய பிள்ளைகள் கடைக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். வெளியே போனவர்கள் பின்வாசலில் தலையை நீட்டி, இவன் எங்கே என்று பார்த்தார்கள்.

டிரெக்டர் என்னைப் பார்த்தார். இவர் பழைய முரடர் அல்ல. இளம் பெண், கெட்டிக்காரி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவர். பையனுக்குத் தலை சுற்றுகிறது, அல்லது மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பார். மேடைக்கு வெளியிலிருந்து விளக்குக்காரர்கள் அவர் காதுக்கருவியில், அணைக்கவா என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். கையைப் பொத்திக் காட்டினார். முடி என்று அர்த்தம்.

அவர் சொன்னது நியாயம்தான். சனத்துக்கு ஒன்றும் தெரியாது. பாட்டை முடித்து விளக்கை அணைத்துவிட்டால் எல்லாரும் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மகன் ஏன் இறங்கவில்லை என்று கேட்ட தாயிடம், நேரம் போதவில்லை என்று அவன் சொல்லியிருப்பான். இன்னொரு பொய், முதலாவதைவிட லேசானது. நான் அன்றைக்கு இவ்வளவும் யோசித்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் இறங்கவும் இல்லை, நிற்பதென்று முடிவெடுக்கவும் இல்லை. இடையில் நிற்கிறான். நான் நிறுத்தினால் அவனுக்காக நான் முடிவெடுத்தது ஆகிவிடும். அது என் வேலை இல்லை.

டிரெக்டரின் கையைக் காணாதவள் மாதிரி இன்னொரு சுற்றுத் தொடங்கினேன்.

அவர் கையை இன்னும் உயர்த்திப் பொத்திக் காட்டினார். விரல் மூட்டெல்லாம் எனக்கு நெருப்பாக எரிந்தது. இன்னொரு சுற்று. பிள்ளைகள் களைத்துவிட்டார்கள், குரல் தேய்ந்தது, ஆனாலும் ஒருவரும் விடவில்லை. அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். முன்வரிசையில் அம்மா தொலைபேசியைத் தாழ்த்திவிட்டார். ஏதோ சரியில்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

அப்போதுதான் அவன் இறங்கினான்.

படித்தட்டு ஒவ்வொன்றாக இறங்கி, மேடையிலிருந்து இறங்கி, நடைபாதைக்கு வந்தான். வாசலில் நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அவன் வாசல் பக்கம் போகவில்லை. முன்வரிசையில் அப்பாவுக்கு முன்னால் நின்று, அந்த உயரத்தை மடித்துக் குனிந்து, அவர் காதில் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. குனிந்த அவன் முதுகுக்குப் பின்னால் அப்பாவின் ஒரு தோள் மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. நான் சுற்றிலேயே இருந்தேன். அப்பா ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, சொன்னதுபோல இருந்தது. மேடையைக் கையால் காட்டினார்.

முகிலன் திரும்பினான். மேடைக்கு ஏறினான். தட்டுத் தட்டாக ஏறி, மேல் தட்டின் ஓரத்தில் தன் இடத்தில், முடிக்காதவர்களோடு போய் நின்று, விட்ட வரியைப் பிடித்துப் பாடினான். அந்தக் குழுவில் எத்தனையோ பேர் இறங்கிப் பார்த்திருக்கிறேன். திரும்பி ஏறி யாரையும் பார்த்ததில்லை. எனக்குத் தாள் தெரியவில்லை, கண் மங்கிவிட்டது. தாள் பார்த்து வாசிக்கிற இடமும் அல்ல அது. முடிவை நோக்கித் திரும்பினேன். பாட்டு முடிந்தது. சனம் என்னவென்று புரியாமலே எழுந்து நின்று கைதட்டியது.

பிறகு எல்லாம் இனிமையாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வரவேற்பறையில் அம்மா ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா மகனோடு பேசவில்லை. அவன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான், அவர் வாங்கவில்லை. நான் போனபோது அம்மாதான் சொன்னார்.

“ஒரு பேப்பர் போயிட்டு, இன்னும் முடிக்கலப்பான்னு சொல்லிருக்கான். இவுக என்ன சொன்னாவ தெரியுமா? ‘அப்பம் எதுக்குல இங்க நிக்க? மேல போயி நில்லு’ன்னு சொல்லிட்டாவ. பிள்ளைய இத்தன பேருக்கு முன்னால வெரட்டிட்டாவளே.”

விரட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதை அந்தத் தாய்க்கு அந்த நேரத்தில் விளக்க நான் யார்?

அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “நீங்க ஏம்மா அவ்வளவு நேரம் வாசிச்சீய? அந்தப் பொண்ணு நிறுத்தச் சொல்லிக் கைய காட்டுச்சே.”

எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் மனிதர். “மகன் இன்னும் வாசல் தாண்டேல்லை. தாண்டும்வரைக்கும் வாசிக்கிறதுதான் என்ர வேலை” என்றேன். அவர் தலையை ஆட்டினார். வேலை என்றால் அவருக்குப் புரிந்தது.

டிரெக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. உடைமாற்றும் அறையின் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். நான் காட்டியதைக் கண்டீர்களா, கண்டேன், பிறகு ஏன் நிறுத்தவில்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா, தெரியும், எனக்கு ஏன் சொல்லவில்லை. “அது சொல்லுறதுக்கு என்னுடைய விஷயம் இல்லை” என்றேன் ஆங்கிலத்தில். அவர் கோபத்தோடு நின்றார். நாற்பது பேரையும் விளக்கையும் அரங்கத்தையும் சுமக்கிறவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். நீங்கள் ஒரு நாள் டிரெக்டரின் கைக்கு எதிராக வாசிக்க வேண்டி வந்தால் வாசியுங்கள், ஆனால் திட்டும் விழும் என்று தெரிந்து வாசியுங்கள். இரண்டும் சேர்ந்ததுதான் சம்பளம். வீட்டுக்கு வந்து கைகளைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு, இனிப் போதும், அடுத்த வருடத்தோடு நிறுத்துகிறேன் என்று முடிவு செய்தேன். அதிரசம் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மார்ச்சில் முகிலன் வந்தான். புதுப் பிள்ளைகள் அவனைப் பார்த்து, “ஹாய், ஐ ஆம் நியூ” என்றார்கள். அவனோடு முதல் வருடம் சேர்ந்தவர்கள் ஒருவரும் இல்லை. வாரா வாரம் வந்து, அப்பா நிற்கச் சொன்ன இடத்தில் நின்று பாடினான். அப்பா பேசுகிறாரா என்று ஒரு நாள் கேட்டேன். “இப்ப ரெண்டு நிமிஷம் பேசுறாரு ஆன்ட்டி” என்றான்.

ஜூலை கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சி. வெளியே மெல்பேர்ன் குளிர், உள்ளே ஹீட்டர் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் இடைவேளையில் நிலத்தில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முகிலன் லோண்டரிப் பையில் மடித்த நீலக் கோட்டோடு பியானோவுக்கு வந்தான்.

“கோட்டைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் ஆன்ட்டி. ரிசல்ட் வந்துருச்சு. முடிச்சிட்டேன். வெள்ளிக்கிழமை ஃப்ளைட்.”

“முடிச்சிட்டீரே! அப்பாவுக்குச் சொன்னனீரே?”

“ஆமா. சரி, வான்னாரு.”

அவ்வளவுதான். இறங்கு பாட்டு ஒக்டோபரில்தான். அப்போது இவன் இங்கே இருக்க மாட்டான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோட்டைக் கதிரையில் வைத்துவிட்டு, நிலத்தில் இருந்தவர்களுக்குக் கையசைத்தான். “போயிட்டு வரேன் ஆன்ட்டி.”

எனக்கு என்ன வந்ததோ தெரியாது, அந்தச் சுற்றை மெதுவாக வாசிக்கத் தொடங்கினேன். அவன் நின்றுவிட்டான். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். டிரெக்டரும் மூலையில் இருந்து நிமிர்ந்தார். எங்கள் தமிழ் அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. கோட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எழுந்து நடுவில் வந்து நின்று, என்னைப் பார்த்து விரலைச் சுழற்றிக் காட்டினார். இன்னொரு சுற்று.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். கையிலிருந்த சிப்ஸைக் கீழே வைத்துவிட்டு, விளையாட்டுக் காற்சட்டையோடு, படித்தட்டும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் பாடினார்கள். முகிலன் கோட்டை எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டான். பாடிக்கொண்டே அவர்களின் நடுவால் நடந்தான். பயிற்சி அறையில் எனக்கு வாசல் முதுகுப் பக்கம். ஜூலையில் கண்ணாடிக்குத் திரை போடுவதில்லை, அதனால் கண்ணாடியில் பார்த்தேன். கதவைத் திறந்தான், தாண்டினான், கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவன் குரல் நடைபாதையில் கொஞ்சத் தூரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

டிரெக்டர் கையைப் பொத்திக் காட்டினார். இந்த முறை அவர் வாசலைச் சரியாகப் பார்த்திருந்தார். நான்தான் நிறுத்தவில்லை. அது என்னுடைய கடைசி வருடம். என் விரல்களுக்கு முடிவு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, சுற்றிலேயே போய்க்கொண்டிருந்தன. பிள்ளைகளும் என்னைப் பார்த்துப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. முகிலன் தலையை மட்டும் உள்ளே நீட்டினான். கழற்ற மறந்த கோட்டைக் கழற்றி வாசலில் இருந்த கதிரையில் போட்டான்.

“ஆன்ட்டி, நான் போயாச்சு. நீங்க நிறுத்தலாம்.”

இன்னும் ஒரு சுற்று வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.